கோட்டுக்குள் வந்த நாய்

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்தா என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, சர்வீஸ் முடித்து, பான்சியோன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவிடத்துக்குப் போவார்கள். எங்கள் தாத்தாவும் (சொந்தத் தாத்தா இல்லை, தெருவுக்கே தாத்தா) அப்படிப் போகிறவர்தான்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. இந்தோசீனாவில் எடுத்தது. அரைக்கால் சட்டை, தொப்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நாய். அவருடைய கை அதன் முதுகில் இருக்கிறது. எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. நாய்க்கு என்ன பேர் தாத்தா என்று கேட்டேன். "மெதோர்" என்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கு மெதோர் என்றால் நமக்கு மணி என்கிற மாதிரி. எந்த நாய்க்கும் வைக்கலாம்.

"ராத்திரி காவல்ல பாதி நான், பாதி அது" என்றார். அப்புறம் அது என்ன ஆச்சு என்று கேட்டேன். குழந்தைகள் கேட்கக் கூடாத கேள்வியைத்தானே சரியாகக் கேட்கும்.

"கப்பல்ல ஏத்த உடலடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வீட்டம்மா கூப்பிட்டு ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வரியை நான் மறந்தே போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் உலகப் போர் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, கப்பலில் ஏற்ற விடாத ஒரு நாயை ஏற்றிக்கொண்டே போன ஒரு மனிதரின் கதை அகப்பட்டது. உடனே அந்தக் கூடமும் படமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். தமிழ் வீட்டில் கற்றது. சொற்களில் எங்கேயாவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதரின் பெயர் ராபர்ட் பொஸ்டெக். செக்கோஸ்லோவாகியாக்காரர். (ரொபேர் என்றுதான் என் நாக்குக்கு வரும். ஆனால் இங்கே ராபர்ட் என்றே எழுதுகிறேன்.) 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை அவருடைய நாட்டுக்குள் நுழைந்தது. விமானப் படையில் இருந்த செக் இளைஞர்கள் பலர் எல்லை தாண்டிப் போலந்து வழியாகப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது பிரான்ஸ் யாரோடும் போரில் இல்லை. ஆகவே அந்நியர்களை நேரே தன் படையில் சேர்த்துக்கொள்ள முடியாது. அந்நியர் படை என்று ஒன்று இருக்கிறதே, லெழியோன் எத்ரான்ழேர், அதில் கையெழுத்துப் போட வைத்தார்கள். செப்டம்பரில் போர் மூண்ட பிறகுதான் அவர்களை விமானப் படைக்கு மாற்றினார்கள்.

1940 தொடக்கம் நல்ல குளிர்காலம். போர் அறிவித்தாகிவிட்டது, ஆனால் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பிரெஞ்சில் அந்த மாதங்களை 'திரோல் தெ கேர்' என்பார்கள், வேடிக்கையான போர். பிரெஞ்சுக்காரர்கள் மழினோ கோட்டைகளிலும் ஜெர்மானியர்கள் எதிர்ப்பக்கக் கோட்டைகளிலும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். கிராமங்களைக் காலி செய்துவிட்டார்கள். அதன் மேலே வேவு பார்க்கப் பறந்த விமானம் ஒன்றில் ராபர்ட் பீரங்கிக்காரர், பியேர் துவால் என்ற பிரெஞ்சுக்காரர் விமானி. விமானம் சுடப்பட்டு அந்த நடு நிலத்தில் விழுந்தது. துவாலுக்குக் காலில் அடி. ராபர்ட் அவரை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்குள் போனார்.

உள்ளே ஏதோ அசைகிற சத்தம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பார்த்தால் பிறந்து சில வாரமே ஆன ஒரு அல்சேஷன் குட்டி. வீட்டுக்காரர்கள் ஓடிவிட்டார்கள், தாயையும் காணோம். அத்தனூண்டு குட்டி இவரைப் பார்த்து உறுமியதாம். கையில் இருந்த சாக்லேட்டைக் கொடுத்தார். பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் காட்டினார். இருட்டும் வரை அது அவர் மடியில் தூங்கியது.

இருட்டிய பிறகு பிரெஞ்சு எல்லைப் பக்கம் தவழ்ந்து போக வேண்டும். ஜெர்மானியர்கள் வெளிச்சக் குண்டுகளை மேலே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் இயந்திரத் துப்பாக்கிதான். குட்டியைக் கொண்டு போக முடியாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். கொஞ்சம் தீனியும் தண்ணீரும் வைத்துக் கதவை அடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் குட்டி ஊளையிட ஆரம்பித்தது. அந்த ஊளை எதிரியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கிற ஊளை. ராபர்ட் திரும்பிப் போனார். அதன் வாயை ஒரேயடியாக அடைக்கத்தான் போனார். இதைப் பின்னால் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கை ஓடவில்லை. தூக்கித் தோல் கோட்டுக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். கோட்டுக்குள் போனதும் அது வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் பிரெஞ்சுப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

செக் தோழர்கள் கூடி அதற்கு 'ஆன்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஏதோ ஒரு ரஷ்ய விமானத்தின் பெயராம் அது. பிறகு அதுவே ஆன்டிஸ் ஆயிற்று.

ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. நமக்கு இந்தப் பகுதி தெரியாததில்லை. பெத்தேன் போர் நிறுத்தம் கேட்டதும், லண்டனிலிருந்து தெ கோல் வானொலியில் பேசியதும், செப்டம்பரில் நம் ஊர் கவர்னர் போன்வேன் தெ கோல் பக்கம் சேர்ந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் பேசிக் கேட்டவைதான். செக் விமானிகளுக்கு அது இன்னும் மோசமான நேரம். ஜெர்மானியர் கையில் சிக்கினால் அவர்கள் போர்க் கைதிகள் இல்லை, துரோகிகள். தெற்கே மத்தியதரைக் கடலுக்கு ஓடி, கப்பல் பிடித்து, ஜிப்ரால்டர் வழியாக லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்கள். கப்பலில் நாய்க்கு இடமில்லை என்றார்கள். தோழர்கள் எல்லோரும் சேர்ந்து ஒளித்து வைத்தார்கள். லிவர்பூலில் இறங்கும்போது மூட்டை முடிச்சுகளில் ஒன்றாக அந்த நாயும் இறங்கியது.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் அதிகாரிகளைக் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டுவார்கள். நான் ஆயுள் முழுக்க விதிப் புத்தகத்தைப் பார்த்துக் கோப்பு எழுதியவன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பிரிட்டனுக்குள் வரும் நாய் ஆறு மாதம் தனிக் கொட்டடியில் இருக்க வேண்டும், செலவு உடையவனுடையது என்பது அன்றைய சட்டம். காரணம் வெறிநாய்க்கடி. அந்தச் சட்டத்தால்தான் 1922க்குள் அந்தத் தீவில் வெறிநோயை ஒழித்தார்கள். கடிபட்டவர்கள் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைப் பார்த்த நம் தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். லிவர்பூல் துறைமுகத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லியிருப்பேன். ராபர்ட்டிடம் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லை. பணம் கட்டாத நாயின் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நல்ல வேளை, நான் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்டிலேயே, போர் அறிவித்த 1939 செப்டம்பர் முதல் வாரத்தில், லண்டனில் மட்டும் சுமார் நான்கு லட்சம் நாய் பூனைகளை அவற்றை வளர்த்தவர்களே கொன்றுவிட்டார்கள். குண்டு விழும், ரேஷன் வரும், நகரத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்ற பயம். யாரும் உத்தரவு போடவில்லை. கால்நடை மருத்துவமனை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அந்த நாட்டுக்குள்தான் ஊர் பேர் தெரியாத ஒரு குட்டியை மூட்டைக்குள் கட்டி ஒருவர் கொண்டு வருகிறார்.

செக் வீரர்களுக்கென்று பிரிட்டிஷ் விமானப் படை 311ஆம் படைப்பிரிவைத் தொடங்கியது. நார்ஃபோக் பக்கம் ஈஸ்ட் ரெத்தம் என்ற ஊரில் தளம். வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானங்கள். ராபர்ட் அதில் துப்பாக்கிக்காரர். இரவில் கிளம்பி ஜெர்மனி வரை போய்க் குண்டு போட்டுவிட்டு விடிவதற்குள் திரும்ப வேண்டும். எத்தனை விமானம் போகிறதோ அத்தனையும் திரும்பாது.

ராபர்ட் கிளம்பினால் ஆன்டிஸ் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே படுத்துவிடும். தரையில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். விமானம் கண்ணுக்கோ காதுக்கோ எட்டுவதற்கு முன்பே நாய் காதை நிமிர்த்தி எழுந்துவிடும். அது எழுந்தால் ராபர்ட்டின் விமானம் வருகிறது என்று அர்த்தம். வேறு விமானங்கள் வரும்போது எழாது. எஞ்சின் எல்லாம் ஒரே மாதிரி எஞ்சின்தானே என்று நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் என் அப்பாவின் சைக்கிள் சத்தம் தெரு முனையிலேயே என் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அதே மாதிரிதான் இருக்க வேண்டும்.

1941 ஜூனில் ஒரு நாள் நாய் எழவில்லை. மற்ற விமானங்கள் வந்து இறங்கின. விடிந்தது. மெக்கானிக்குகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. தீனி வைத்தார்கள், தொடவில்லை. மழை பெய்தது. அங்கேயே கிடந்தது. ராபர்ட்டின் விமானம் குண்டடிபட்டு வேறொரு தளத்தில் எப்படியோ இறங்கியிருந்தது. அவருக்குத் தலையில் காயம், ஆஸ்பத்திரியில் இருந்தார். நாய் ஓடுபாதை ஓரத்தில் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குச் செய்தி போயிற்று. அவரைத் திரும்பக் கொண்டுவந்து நாயின் முன் நிறுத்திய பிறகுதான் அது எழுந்தது.

அடுத்த முறை அது காத்திருக்கவில்லை. அன்று ராபர்ட் கிளம்பும்போது நாயை வழக்கமான இடத்தில் காணோம். மனசு சரியில்லாமலேயே ஏறினார். விமானம் கடலைத் தாண்டி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ முழங்கையை இடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஆன்டிஸ், மூச்சு வாங்கிக்கொண்டு. எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அந்த உயரத்தில் பிராணவாயு முகமூடி இல்லாமல் மனிதனே மயங்கி விழுவான். ராபர்ட் தன் முகமூடியை அதற்குக் கொஞ்சம், தனக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போய்வந்தார்.

போர் விமானத்தில் பிராணியை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. மேலதிகாரிக்குத் தெரியவந்தது. அவர் பார்க்காதது போல இருந்துவிட்டார். என் சர்வீஸில் இப்படிப்பட்ட அதிகாரிகள் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். எழுதித் தர மாட்டார்கள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆன்டிஸ் பலமுறை பறந்தது. இரண்டு தடவை குண்டுச் சிதறல் பட்டுக் காயம். காயம் பட்டபோதும் அது சத்தம் போடவில்லை. இறங்கிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார்கள். பண்ணை வீட்டுக் கோட்டுக்குள் கற்ற பாடம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

விதி என்றதும் ஜூடி ஞாபகம் வருகிறது. இது பெட்டை, பாயின்டர் ஜாதி, ஷாங்காயில் பிறந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் சின்னப் பீரங்கிக் கப்பல்களில் வளர்ந்தது. 1942இல் கப்பல் மூழ்கி, சுமத்ராவில் ஜப்பானியரிடம் மாலுமிகளோடு சேர்ந்து அதுவும் அகப்பட்டது. மேதான் பக்கத்தில் குளுகோர் என்ற முகாம். ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற விமானப் படைக்காரர் தன் பங்குச் சோற்றில் ஒரு கை அதற்குப் போட்டார். அன்றிலிருந்து அது அவரை விடவில்லை. முகாம் காவலர்கள் அதைச் சுட்டுவிடுவோம் என்று பல தடவை மிரட்டினார்கள். வில்லியம்ஸ் என்ன செய்தார் தெரியுமா? முகாம் தலைவர் நன்றாகக் குடித்திருந்த ஒரு நேரம் பார்த்து, ஜூடியின் குட்டி ஒன்றை அவருடைய சிநேகிதிக்குப் பரிசாகக் கொடுத்து, தாயைப் போர்க் கைதியாகப் பதிவு செய்ய எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டார்! வில்லியம்ஸின் எண் 81. நாய்க்கு 81-ஏ.

இதைப் படித்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சர்வே எண்ணில் உட்பிரிவு போடுகிற மாதிரி! பதிவேட்டில் ஒரு எண் விழுந்துவிட்டால் அதை அடிக்க மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். ஜப்பான் ராணுவத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. 1944இல் கைதிகளை வேறு இடத்துக்குக் கப்பலில் ஏற்றியபோது நாயை ஏற்றக் கூடாது என்றார்கள். வில்லியம்ஸ் அதை அரிசிச் சாக்குக்குள் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் மணிக்கணக்காக நின்றார். சாக்கு அசையவில்லை. அந்தக் கப்பலும் டார்பிடோ பட்டு மூழ்கியது. நாயைக் கப்பல் ஜன்னல் வழியாகக் கடலுக்குள் தள்ளிவிட்டார். அதுவும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பதிவேட்டின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் தாத்தா இருந்துவிட்டு வந்த அதே இந்தோசீனாவில் பின்னால் அமெரிக்கர்கள் சண்டை போட்டார்கள். சுமார் 4,000 ராணுவ நாய்கள் வியட்நாமில் வேலை செய்தன. கண்ணி வெடியைக் கண்டுபிடிப்பதும் பதுங்கியிருப்பவனைக் காட்டிக்கொடுப்பதும் அவற்றின் வேலை. படை திரும்பும்போது அவை தளவாடப் பட்டியலில் இருந்தன. ஜீப், டென்ட், நாய். உபரித் தளவாடத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. அமெரிக்கா திரும்பியவை 200 போலத்தான். மற்றவற்றை ஊசி போட்டுக் கொன்றார்கள் அல்லது அங்கேயே கொடுத்துவிட்டார்கள். அவற்றோடு இரவெல்லாம் காட்டில் நடந்த பையன்கள், இன்று நம் வயசுக்காரர்கள், இன்னமும் அதைப் பேசும்போது அழுகிறார்கள். எங்கள் தாத்தா அழவில்லை. ஒரு வரியோடு நிறுத்திவிட்டார். 4,000 பேரில் ஒருவராக இருந்தால் அழலாம் போலும். எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

ஆன்டிஸுக்கு வருகிறேன். 1945இல் போர் முடிந்ததும் ராபர்ட் நாயோடு பிராக் திரும்பினார். கல்யாணம் செய்துகொண்டார், ஆண் குழந்தை பிறந்தது. போர் அனுபவங்களை எழுதினார். 1948 பிப்ரவரியில் அங்கே ஆட்சி மாறியது, கம்யூனிஸ்டுகள் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனோடு சேர்ந்து சண்டை போட்டவர்கள் இப்போது சந்தேகத்துக்குரியவர்கள். ஜெர்மனியோடு சண்டை போட்டதற்கு மெடல் வாங்கியவர்களையே பிடித்து உள்ளே போட்டார்கள். ராபர்ட்டைக் கைது செய்யப் போகிறார்கள் என்று ரகசியமாகத் தகவல் வந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாமல், வெளியே போவது போலக் கிளம்பினார். இன்னும் இரண்டு பேரோடு காட்டு வழியாக எல்லையைக் கடந்து ஜெர்மனிக்குள் போனார். நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார்.

இந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் இந்தக் கட்டுரையை மூடி வைத்திருந்தேன். என் மனைவியிடம் கதையைச் சொன்னேன். "பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு நாயைக் கூட்டிட்டுப் போனானா? நல்லா இருக்குதே!" என்றாள். கேட்கிற எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். எல்லையில் துப்பாக்கியோடு காவல். இரவில் காட்டுக்குள் நடக்க வேண்டும். குழந்தை ஒரு தடவை அழுதால் எல்லோரும் முடிந்தார்கள். மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தால் அவளும் உடந்தை என்று சிறைக்குப் போவாள். அவளுக்குத் தெரியாமல் போவதுதான் அவளுக்கு அவர் செய்யக்கூடிய ஒரே பாதுகாப்பு. நாய்க்கோ சத்தம் போடாமல் இருக்கத் தெரியும், காவல்காரன் வருகிறானா என்று சொல்லத் தெரியும். உண்மையில் அன்று இரவு அந்த மூன்று பேரையும் காவலர்களைத் தவிர்த்துக் கூட்டிக்கொண்டு போனது அதுதான்.

இவ்வளவும் சரி. ஆனாலும் அந்த வீட்டில் மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனிதரும் இல்லை, நாயும் இல்லை. 1962இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்த வீடுகள் நம் தெருவிலேயே இருந்தன. யார் சரி, யார் தப்பு என்று இன்று வரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ராபர்ட்டுக்கும் அப்படித்தான். என் மனைவி மட்டும் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ராபர்ட் மறுபடியும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார், மறுபடியும் விமானப் படையில் சேர்ந்தார். இந்தத் தடவை மூட்டை இல்லை. ஆன்டிஸ் சட்டப்படி ஆறு மாதம் கொட்டடியில் இருந்துவிட்டு வெளியே வந்தது.

பிராணிகளின் மருத்துவத்துக்கென்று அங்கே ஒரு தரும சங்கம் இருக்கிறது. அதை நிறுவிய மரியா டிக்கின் அம்மையார் 1943இல் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார். வெண்கலம். 'வீரத்துக்காக' என்றும் 'நாங்களும் பணி செய்கிறோம்' என்றும் அதில் எழுதியிருக்கும். 1949 வரை 54 பதக்கம் கொடுத்தார்கள். நாய்கள்தான் அதிகம் வாங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. செய்தி கொண்டுபோன புறாக்கள் 32, நாய்கள் 18, குதிரைகள் 3, பூனை ஒன்று. ஜூடி 1946இல் வாங்கியது. 1949 ஜனவரியில் ஆன்டிஸ் வாங்கியது. வெளிநாட்டில் பிறந்து அந்தப் பதக்கம் பெற்ற நாய்களில் அதுவும் ஒன்று.

ஆன்டிஸின் கழுத்தில் அதை மாட்டியவர் யார் தெரியுமா? வேவல் பிரபு. மவுண்ட்பேட்டனுக்கு முன்னால் நம் வைஸ்ராயாக இருந்தாரே, சிம்லா மாநாடு கூட்டினாரே, அவர்தான். முதல் உலகப் போரில், பெல்ஜியத்தில் ஒரு கண்ணை இழந்தவர். இந்தியாவுக்கு ஏதோ ஒரு வழி செய்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தார், முடியவில்லை. 1947இல் திருப்பி அழைத்துவிட்டார்கள். பெரிய பதவியெல்லாம் போன பிறகு, ஒற்றைக் கண்ணோடு ஒரு நாய்க்குப் பதக்கம் மாட்ட அந்தக் கிழவர் வந்திருக்கிறார். அடுத்த வருஷம் அவரும் காலமாகிவிட்டார். நம் சரித்திரப் பாடத்தில் வேவலுக்கு மதிப்பெண் குறைவு. எனக்கென்னவோ இந்த ஒன்றுக்காக அவர் மீது கொஞ்சம் பிரியம் வந்திருக்கிறது.

ஆன்டிஸ் 1953 ஆகஸ்டில் இறந்தது. நாய்க்குப் பதின்மூன்று வயது என்றால் நல்ல முதுமை. எழுந்து நிற்க முடியாமல், கண்ணும் சரியாகத் தெரியாமல் போய்விட்டது. கால்நடை மருத்துவர்தான் முடித்துவைத்தார். ராபர்ட் கடைசி வரை அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் பிராணிகளுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே புதைத்தார்கள். கல்லில் செக் மொழியில் ஒரு வரி: சாகும் வரை விசுவாசம்.

ராபர்ட் அதன் பிறகு 27 வருஷம் உயிரோடு இருந்தார். 1980இல் இறந்தார். பிரிட்டனில் மறுபடியும் குடும்பம், பிள்ளைகள் என்று ஆயிற்று. பிள்ளைகள் நாய் வேண்டும் என்று கேட்டார்களாம். எந்த வீட்டில் கேட்க மாட்டார்கள்? வேறு எதைக் கேட்டாலும் கொடுத்த மனிதர், அதற்கு மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் தாத்தாவும் நாய் வளர்க்கவில்லை. தெரு நாய்களை விரட்டவும் மாட்டார். காலையில் ரொட்டிக்காரன் வந்து போனதும் ரொட்டியின் முனையைக் கிள்ளித் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார், எந்த நாய் வந்து எடுக்கிறது என்று பார்க்க மாட்டார். அவர் இறந்த பிறகு குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. கூடத்துப் படத்தை அவர் மகன் கழற்றி ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில், தாத்தாவின் கோணல் எழுத்தில், மெதோர் என்று மட்டும் எழுதியிருந்தது.